சின்ன வயசுல பட்டதுக்கும் இப்ப அடிக்கடி ஒண்ணுக்கு வர்றதுக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா?

பல்லடத்துக்காரி:
வணக்கமுங்க. இதுக்குன்னே புது ஐடி போட்டு எழுதறேன், பழைய ஐடிய எங்கூட்டு ஒறம்பரைல பாதிப்பேர்த்துக்குத் தெரியும். வயசு 34, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசிங் பாக்கறேன், ஒரு பொண்ணு இருக்கா.

பிரச்சனை ஒண்ணுக்கு தானுங்க. போயிட்டு வந்து சீட்டுல உக்காந்தா திரும்ப வர்ற மாதிரியே இருக்குது, போனா கொஞ்சூண்டு தான் வருது, சித்த நேரம் அடக்கலாம்னா அடிவயிறு இழுத்துப் புடிக்குது. காலேஜ் நாள்லயே உண்டு, டெலிவரிக்கு அப்பறம் நெம்ப எச்சாயிருச்சு. கல்யாண மண்டபத்துக்குள்ள போனா பொண்ணு மாப்பிள்ளைய பாக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் எந்தப்பக்கம்னு பாத்துக்குவேன். கோயமுத்தூர் போறதுன்னா பஸ்ஸே வேண்டாம், வண்டில போயி காரணம்பேட்டைல ஒருக்கா சூலூர்ல ஒருக்கான்னு பெட்ரோல் பங்க்ல நிறுத்தித்தான் போகோணும், எங்கூட்டுக்காரர் இப்பல்லாம் கேக்கறதே இல்ல, அவராவே ஓரங்கட்டிர்றாரு. யூரின் டெஸ்ட், கல்ச்சர், ஸ்கேன், சுகர் எல்லாமே நார்மல். ஒரு டாக்டர் டென்சன்னு சொல்லி மாத்திரை குடுத்தாரு, வாய் காஞ்சு போச்சு, மலச்சிக்கல் வந்ததுதான் மிச்சம்.

இப்ப ஒரு பெல்விக் பிசியோகிட்ட, அதாவது இடுப்புக்குள்ள இருக்கற தசைக்கு பயிற்சி குடுக்கறவங்ககிட்ட தாட்டி உட்டாங்க. அந்தம்மா எல்லாம் கேட்டுட்டு கடசில "சின்ன வயசுல ரொம்ப பயந்து இருந்த காலம் ஏதாவது உண்டா, சொல்லோணும்னு கட்டாயமில்ல"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் பேச வரலீங்க. எங்கப்பா குடிப்பாரு. குடிச்சுட்டு வந்து வாசல்ல கட்டல்ல படுத்துக்குவாரு, கக்கூசு வாசலத் தாண்டி கட்டுத்தரை பக்கம். ராத்திரி எந்திரிச்சுப் போனா முழிச்சுக்குவாரு, முழிச்சா அம்மாவுக்கும் அடி எங்களுக்கும் அடி. அதனால நானும் தம்பியும் விடியற வரைக்கும் அடக்கிட்டே படுத்திருப்போம். இத்தன வருசம் கழிச்சு இதுக்கும் அதுக்கும் சம்பந்தம்னு சொன்னா நம்பறதா வேண்டாமான்னு தெரியல. படிச்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

நொய்யல்_தண்ணி:
மொதல்ல எழுதுனதுக்கு நன்றிங்க, இதெல்லாம் பேசறதுக்கே இங்க ஆளில்ல. சுகர் பாத்தீங்கன்னா வெறும் வயித்துல மட்டும் பாத்தீங்களா, மூணு மாச சராசரி சுகர காட்டற எச்.பி.ஏ1சி பாத்தீங்களா? ஒண்ணுக்கு போனதுக்கு அப்பறம் பைல எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னு ஸ்கேன்ல பாப்பாங்க, அது பாத்தாச்சான்னும் ரிப்போர்ட்ல பாருங்க. எங்க அக்காவுக்கு அதுல தான் தெரிஞ்சுது.

மஞ்சமண்டி:
தப்பா எடுத்துக்காதீங்க அம்மிணி. இதெல்லாம் வெள்ளக்காரன் கண்டுபுடிச்ச சோலி. எங்க காலத்துல அடி வாங்காத ஆளு யாரு? எங்கய்யன் சாட்டைல வெளுப்பாரு, வாத்தியார் புளியங்குச்சில வெளுப்பாரு, அப்ப ஈரோடு ஜில்லாவே வரிசைல நின்னு ஒண்ணுக்கு போகோணும். ஏசி ரூம்ல உக்காந்து நாலு டீ குடிச்சா அடிக்கடி வரத்தான் செய்யும். டீய நிறுத்திட்டு மோரு குடிங்க, சூடு கொறையும். பழசக் கிளறி காசு புடுங்கறதுக்குன்னே இப்ப ஒரு கூட்டம் கெளம்பியிருக்குது.

வார்டு_அக்கா:
மஞ்சமண்டி அண்ணா, டீ விசயத்துல நீங்க சொல்றது சரிதானுங்க, காபி டீ ரெண்டுமே மூத்திரப்பைய தூண்டி உடும். மிச்சத்துக்கு பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும். கோயமுத்தூர்ல யூராலஜி (மூத்திர சம்பந்தமான சீக்கு பாக்கற) வார்டுல ரொம்ப வருசமா ஸ்டாப் நர்சா இருக்கேன், டாக்டர் இல்ல, அத மனசுல வெச்சுட்டு படிங்க.

அடி வாங்குன எல்லாருக்கும் வரும்னு யாரும் சொல்லல. பீடி குடிக்கற எல்லாருக்கும் கேன்சர் வர்றதில்ல, ஆனா குடிக்காதவங்கள உட எச்சு பேருக்கு வருது, அந்தக் கணக்குதான் இதுவும். அமெரிக்கால பாஸ்டன்ல 2002ல இருந்து 2005 வரைக்கும் ஒரு பெரிய சர்வே எடுத்தாங்க, 30 வயசுல இருந்து 79 வரைக்கும் ஆம்பளைங்க பொம்பளைங்க 5500 பேருக்கு மேல. அடிக்கடி போறது, அவசரமா வர்றது, ராத்திரில எந்திரிக்கறது இந்த மூணும் சின்ன வயசுல அடி ஒதைக்கோ, பாலியல் தொந்தரவுக்கோ, மனசு நோகற மாதிரி பேச்சுக்கோ ஆளானவங்ககிட்ட தெளிவாவே எச்சா இருந்துச்சு. அதுக்கும் முன்னாடி 1998ல சான் டியேகோல பண்ணுன ஒரு ஆராய்ச்சி வெளிய வந்துச்சு, சின்ன வயசுக் கஷ்டம் எத்தன வகை ஒரு ஆளுக்கு இருந்துச்சோ அத்தனைக்கு அத்தன பெரியவங்க ஆனதுக்கு அப்பறம் இருதயம் நுரையீரல் வரைக்கும் சீக்கு எச்சாகுதுன்னு. அந்த சான் டியேகோ ஆராய்ச்சி மூத்திரத்தப் பத்தினது இல்ல, ஆனா சின்ன வயசுல பட்டது ஒடம்புல நிக்குதுங்கற பேச்ச டாக்டருங்க காதுல போட்டது அதுதான்.

எப்படி நிக்குதுன்னு கேட்டா, மூத்திரப்பைக்கு சொந்த புத்தி கெடையாதுங்க. எப்ப நெறயுது, எப்ப தொறக்கோணும்னு முடிவு பண்றது மூளைத்தண்டுல இருக்கற ஒரு எடம். 1925ல பாரிங்டன்னு ஒருத்தர் பூனைகள வெச்சு கண்டுபுடிச்சாரு, இன்னைக்கும் அவரு பேர்லதான் அத சொல்றாங்க. அந்த எடத்துல இருக்கற நரம்பு செல்லுங்க நெறயா சி.ஆர்.எப்னு ஒரு ரசாயனத்த சுரக்குது, நம்ம பயந்தா கார்டிசால்ங்கற ஹார்மோன ஏத்தறதுக்கு மூளை ஆரம்பத்துல அனுப்பற அதே ரசாயனம். பயத்துக்கும் மூத்திரத்துக்கும் ஒரே ஒயருன்னு வெச்சுக்கோங்களேன். எலிக்குட்டிங்கள பொறந்த புதுசுல தாய்கிட்ட இருந்து தினமும் சித்த நேரம் பிரிச்சு வெச்சுப் பாத்திருக்காங்க, பெருசானதும் அதுங்க மூத்திரப்பைக்கு கூச்சம் எச்சா இருந்துச்சு. எலிக்கு ஏசி ரூமும் இல்ல டீயும் இல்லீங்கண்ணா.

இன்னொண்ணு, அடிவயித்துக்குக் கீழ இடுப்பெலும்புக்கு நடுவுல ஒரு தசை விரிப்பு இருக்குது. பயந்தா தோளு எறுகற மாதிரி அதுவும் எறுகும். தினமும் எறுக்கி எறுக்கி பழகுன பொண்ணுக்கு 30 வயசுலயும் அத தளத்தத் தெரியாது. தளராத தசை மேல பை உக்காந்தா முழுசா காலியாகாது, முழுசா காலியாகலீன்னா திரும்பத் திரும்ப வரும். தோட்டத்துல மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு உட்டா கரண்ட் எட்டிப் பாத்தாலே ஓட ஆரம்பிச்சுருமில்லீங்க, கெணத்துல தண்ணி இருக்குதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. இந்தப் பொண்ணோட பை அப்படித்தான் இப்ப ஓடிட்டு இருக்குது.

பல்லடத்துக்காரி கண்ணு, உனக்கு இதுதான் காரணம்னு நான் இங்க உக்காந்துட்டு சொல்ல முடியாது, டெலிவரியும் ஒரு காரணமா இருக்கலாம், மலச்சிக்கலும் இருக்கலாம். ஆனா அந்த பிசியோ கேட்ட கேள்வி சரியான கேள்வி.

ராசிபுரம்_ரிட்டன்:
அக்கா நீங்க சொன்ன தசை விசயம் படிச்சுட்டு ஒரு நிமிசம் போன கீழ வெச்சுட்டேன். எனக்கு 29, பெங்களூர்ல ஐடி, சொந்த ஊரு பவானி பக்கம். எனக்கு நேர் எதிரான பிரச்சனை, பக்கத்துல ஆளு நின்னா வரவே வராது. ஆபீஸ்ல கதவு இருக்கற ரூம் காலியாகற வரைக்கும் போன் பாக்கற மாதிரி நிப்பேன்.

பத்தாவதும் ப்ளஸ் டூவும் நாமக்கல் பக்கம் ஒரு ரெசிடென்சியல் ஸ்கூல், பேரு வேண்டாம், நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லவே வேண்டாம், கோழிப்பண்ணைன்னு நாங்களே கிண்டல் பண்ணுவோம். காலைல 5 மணிக்கு ஸ்டடி, ராத்திரி 10 மணி வரைக்கும் ஸ்டடி. நடுவுல ஒண்ணுக்கு கேட்டா வார்டன் எல்லாரு முன்னாடியும் நிக்க வெச்சு "மார்க்கு வாங்க முடியல இவனுக்கு ஒண்ணுக்கு மட்டும் வருது"ம்பாரு. பிரேக்ல அத்தன பேரும் ஒரே நேரத்துல ஓடுவோம், பின்னாடி வரிசைல நிக்கற சீனியர் தலைல தட்டிட்டே வெசயா வாடா வெசயா வாடான்னு கத்துவான், அப்ப நின்னது தான், இன்னும் வரல. மார்க்கு நல்லா வந்துச்சு, அத சொல்லித்தான் ஆகோணும், 1100க்கு மேல. எங்கப்பா அந்த மார்க்‌ஷீட்ட லேமினேட் பண்ணி வெச்சிருக்காரு.

யாரும் என்ன தொடல, அடி கூட பெருசா இல்ல. இதையெல்லாம் ட்ராமான்னு சொன்னா சிரிப்பாங்களோன்னு தான் இத்தன நாள் எங்கயும் சொன்னதில்ல.

மில்லு_ஹாஸ்டல்:
தம்பி நானும் அதே கேசு தான். நான் பதினஞ்சு வயசுல மில்லுக்குப் போனவ, மூணு வருசம் ஓட்டுனா கல்யாணத்துக்கு மொத்தமா பணம்னு சொல்லி கூட்டிட்டுப் போவாங்கல்ல அந்த ஸ்கீம்ல. மில்லு பேரு சொல்ல மாட்டேன். ஸ்பின்னிங்ல பாத்ரூம் போறதுக்கு டோக்கன், ஒரு லைனுக்கு ஒரு டோக்கன் தான், முன்னாடி போன புள்ள வந்தாத்தான் அடுத்தவ போகோணும், நேரமானா சூப்பர்வைசர் வந்து கதவத் தட்டுவான், தட்டிட்டு என்ன பேசுவான்னு இங்க எழுத முடியாது. தண்ணி குடிக்காம இருந்தா டோக்கன் வேண்டாம்னு நாங்களே கண்டுபுடிச்சோம். பஞ்சு தூசு, சூடு, தண்ணியும் இல்ல, நீர்க்கடுப்பு வந்தா ஹாஸ்டல் வார்டன் ஒரு மாத்திரை குடுப்பாங்க.

இப்ப 30 தாண்டியாச்சு. கிட்னில ஒருக்கா கல்லு வந்துச்சு, இன்பெக்சன் வந்துட்டே இருக்குது, ஆனா அத உட கஷ்டம் என்னன்னா யாராச்சும் பாத்ரூம் கதவத் தட்டுனா, என்ற பையன் வெளையாட்டுக்குத் தட்டுனாக் கூட, அப்படியே நின்னுரும், அப்பறம் ரொம்ப நேரத்துக்கு வராது. மஞ்சமண்டி அண்ணனுக்கு ஏசி ரூம் தெரியுது, எங்களுக்கு இருந்தது நூல் அறுந்து போகக்கூடாதுன்னு தண்ணி தெளிக்கற ரூம்.

தறிச்சத்தம்:
சோமனூர் பக்கம் தறி ஓட்டறேன், 57 வயசு. எழுதறதா வேண்டாமான்னு யோசிச்சு எழுதறேன். எனக்கு பன்னெண்டு பதிமூணு வயசு வரைக்கும் பாயில போற பழக்கம் இருந்துச்சு. எங்காத்தா தொடைல சூடு வெச்சுது. கெட்ட மனுசி இல்லீங்க, என்னைய வளத்ததே அதுதான், சூடு வெச்சா நிக்கும்னு நெசமாவே நம்புச்சு, வெச்சுட்டு அதுவே அழுதுட்டே வெண்ணெ தடவி உட்டுச்சு. நிக்கல, பயத்துல இன்னும் எச்சாயிருச்சு. பாயத் தூக்கி தலைல வெச்சு தெருவுல நடக்க உட்டாங்க, அந்தத் தெருவுலதான் இன்னைக்கும் குடியிருக்கறேன்.

இப்ப கொஞ்ச வருசமா ராத்திரில மூணு நாலு தாட்டி எந்திரிக்கறேன். இந்தப் பேச்சப் படிச்சதும் ஓ அதனாலதான் போலிருக்குதுன்னு தோணுச்சு. அப்படித்தானுங்களா சிஸ்டர்?

வார்டு_அக்கா:
அண்ணா, உங்களுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாதுங்க. ஆனா உங்க கேள்விக்கு இல்லைன்னுதான் சொல்லுவேன், அதாவது இப்பவே அந்த முடிவுக்கு போகாதீங்க. 57 வயசு ஆம்பளைக்கு ராத்திரில ஒண்ணுக்கு வந்தா மொதல்ல பாக்க வேண்டியது புராஸ்டேட் (ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற சுரப்பி), சுகர், சாயந்தரம் காலு வீங்குதா, குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வருதா, பி.பி. மாத்திரைல மூத்திரம் போக வைக்கற மாத்திரை ஏதாவது ராத்திரில போடறீங்களா இதெல்லாம். போறப்ப முக்கோணுமா, விட்டு விட்டு வருதா? அப்படின்னா கோயமுத்தூர் ஜி.எச்ல யூராலஜி இருக்குது, காசு செலவில்லாம பாக்கலாம்.

இத நான் எல்லாருக்குமே சொல்றேன், பழைய கதை இருக்குதுங்கறதுக்காக புது நோய உட்டுராதீங்க. மூத்திரத்துல ரத்தம், காச்சலோட குளிரு, திடீர்னு முழுசா அடைச்சுக்கறது, தொடை நடுவுல மரத்துப் போறது, காலு பலம் இல்லாம போறது, இதுல எது வந்தாலும் பேசிட்டு இருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போகோணும். மரத்துப் போறது முதுகெலும்பு சமாச்சாரம், மணிக்கணக்கு முக்கியம்.

மட்டுறுத்துனர்:
இங்க ஒரு ஐடி வந்து "மூணே நாள்ல நிக்கும் மூலிகைப் பொடி"ன்னு நம்பரோட போட்டிருந்தத எடுத்தாச்சு. அதே பொடிய மூட்டுவலி இழைலயும் வித்துட்டு இருந்தாப்ல. இன்னொண்ணு, சொந்தக் கதை சொல்றவங்ககிட்ட "என்ன நடந்துச்சு விவரமா சொல்லுங்க"ன்னு யாரும் கேக்காதீங்க. அவங்களா சொன்னா சொல்லட்டும்.

பேரு_வேண்டாம்:
நன்றி மட்டுறுத்துனர். எனக்கு நடந்தது வேற, ஒறம்பரைக்குள்ளயே, எட்டு வயசுல. அதுக்கு மேல எழுதல. எழுத வந்தது ஆஸ்பத்திரி பத்தி. எனக்கு இன்பெக்சன் இல்லாமயே எரிச்சலும் பை நெறஞ்சா வலியும், கடசில பிளாடர் பெயின் சிண்ட்ரோம்னு பேரு வெச்சாங்க. அதுக்கு முன்னாடி பரிசோதனைக்கு மேசைல படுக்கச் சொல்லி, எதுவும் சொல்லாம திடீர்னு ஆரம்பிச்சாங்க, நான் எந்திரிச்சு ஓடி வந்துட்டேன், அப்பறம் ரொம்ப நாளு எந்த டாக்டர்கிட்டயும் போகல. இப்ப பாக்கற டாக்டர்கிட்ட உள்ள போன உடனே சொன்னது ஒரே வரி: "எனக்கு பரிசோதனை பயம், சின்ன வயசுல ஒரு விசயம் நடந்துச்சு, அதப் பத்தி பேச விருப்பமில்ல." அவ்வளவுதான், யாரு என்னன்னு அவங்க கேக்கல. என்ன பண்ணப் போறோம்னு முன்னாடியே சொல்லுவாங்க, லேடி நர்ஸ் கூட நிப்பாங்க, நான் கை தூக்குனா நிறுத்திருவாங்க. அன்னைக்கு வேண்டாம்னா வேண்டாம், யூரின் டெஸ்டும் வயித்து மேல வெச்சு எடுக்கற ஸ்கேனும் மட்டும் பாத்துட்டு அனுப்புவாங்க. இத்தனையும் கேக்கறதுக்கு நமக்கு உரிமை இருக்குதுன்னு எனக்கு யாருமே சொல்லித் தரல, அதனால இங்க எழுதி வெக்கறேன்.

பேசோணும்னு தோணுனா டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி நம்பர் 14416, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், பேரு சொல்ல வேண்டியதில்ல. இப்ப எந்தக் கொழந்தைக்காவது இப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா கொழந்தைங்க உதவி நம்பர் 1098.

மஞ்சமண்டி:
எல்லாம் படிச்சேன். மில்லு அம்மிணிக்கு நடந்தது அநியாயம், அதுல ரெண்டு கருத்து இல்ல. ஆனா நான் கேக்கறது வேற. சரி, சின்ன வயசுதான் காரணம்னே வெச்சுக்குவோம், அதுக்கு இப்ப என்ன பண்ண முடியும்? அப்பன் செத்துட்டான், வார்டன் ரிட்டயர் ஆயிட்டான். உக்காந்து அழுதா மூத்திரம் நிக்குமா? வைத்தியம்னு ஒண்ணு இருந்தா அதச் சொல்லுங்க, இல்லீன்னா காரணம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்.

வார்டு_அக்கா:
நல்ல கேள்விங்கண்ணா. காரணம் தெரிஞ்சா வைத்தியமே மாறுது, அதுதான் பிரயோஜனம். உதாரணத்துக்கு, யூட்யூப்ல எல்லாம் கீகல் பண்ணுங்க கீகல் பண்ணுங்கன்னு சொல்றாங்க, கீகல்னா அந்த இடுப்புத் தசைய எறுக்கி எறுக்கி உடற பயிற்சி, அது தசை தளந்தவங்களுக்கு. தும்முனா இருமுனா கசியறவங்களுக்கு நல்லா கேக்கும். ஏற்கனவே எறுகிக் கெடக்கற தசைய இன்னும் எறுக்கச் சொன்னா பல்லடத்துப் பொண்ணு மாதிரி ஆளுங்களுக்கு மோசமாத்தான் ஆகும், பாதிப்பேரு அப்படி மோசமாகித்தான் எங்ககிட்ட வர்றாங்க. அவங்களுக்கு மொதல்ல தளத்தத்தான் சொல்லித் தரோணும், வயித்துல மூச்சு எடுத்து உட்டு, குந்தி உக்காந்து. நம்ம ஊரு டாய்லெட்ல குந்துனா தசை தானா தளரும், வெஸ்டர்ன்ல அழுக்குன்னு தொடாம அந்தரத்துல பாதி நின்னுட்டுப் போனா தளரவே தளராது. பொது எடத்துல நெறயா பொம்பளைங்க அப்படித்தான் போறாங்க.

அடுத்தது டைரி. மூணு நாளைக்கு எப்ப குடிச்சீங்க எவ்வளவு, எப்ப போனீங்க எவ்வளவு, ஒரு அளவு கப்புல புடிச்சு எழுதோணும். சாதாரணமா ஒரு நாளைக்கு 6ல இருந்து 8 தாட்டி, ஒவ்வொருக்காவும் 250 மில்லில இருந்து 400 மில்லி வரைக்கும் வரலாம். ஒருத்தருக்கு 80 மில்லி 100 மில்லின்னு தான் வருதுன்னா பை நெறயறதுக்கு முன்னாடியே மணி அடிக்குதுன்னு அர்த்தம். அப்பறம் பை பழக்கம், இப்ப முக்கா மணி நேரத்துக்கு ஒருக்கா போனா அத ஒரு மணி நேரமாக்கி, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு கால் மணி நேரம் சேத்தி, அப்படியே மூணு மணி நேரம் வரைக்கும் இழுத்துட்டுப் போகோணும். "எதுக்கும் ஒருக்கா போயிட்டு வந்துரலாம்"னு கெளம்பறதுக்கு முன்னாடி போறத கொறைக்கோணும், அது மூளைக்கு தப்பான கணக்கு சொல்லித் தருது. தண்ணிய கொறைக்கக் கூடாது, கொறச்சா மூத்திரம் கெட்டியாகி இன்னும் எரிச்சல் தான்.

மாத்திரை வேலை செய்யாதுன்னு இல்ல. பைய அமத்தறதுக்குக் குடுக்கற சோலிபெனசின் வகைல வாய் காயும், மலச்சிக்கல் பண்ணும், வயசானவங்களுக்கு நாபகத்துக்கும் ஆகாதுங்கறாங்க. மிராபெக்ரான்னு வேற வகை இருக்குது, அதுல வாய் அவ்வளவா காயாது, பி.பி. மட்டும் பாத்துக்கோணும். அதுவும் கேக்கலீன்னா கணுக்கால் பக்கம் நரம்புல லேசா கரண்ட் குடுக்கறது, வாரம் ஒருக்கா அரை மணி நேரம் 12 வாரம். கடசியா பைக்குள்ள போட்டாக்ஸ் ஊசி. இதெல்லாம் எல்லா ஊர்லயும் கெடைக்காது.

மனசுக்குப் பாக்கறது இது கூடவே ஓடோணும், இதுக்கு பதிலா இல்ல. உக்காந்து அழச் சொல்றது கவுன்சிலிங் இல்லீங்கண்ணா. ராத்திரி சத்தம் கேட்டா நெஞ்சு ஏன் அடிக்குது, அடிக்கறப்ப என்ன பண்றதுன்னு பழக்கறது அது. ஒவ்வொரு மாவட்டத்துலயும் அரசு மனநலத் திட்டம் இருக்குது, ஜி.எச்ல கேட்டா சொல்லுவாங்க. எதையும் யார்கிட்டயும் சொல்லாமயே பிசியோ மட்டும் பண்ணி நல்லா தேறுனவங்களும் இருக்காங்க, கதைய சொல்லித்தான் ஆகோணும்னு இல்ல.

மஞ்சமண்டி:
வைத்தியம் பத்தி சொன்னது புரியுது. எல்லாத்தையும் அப்பன் ஆத்தா தலைல போடறது மட்டும் எனக்கு இன்னும் ஒப்பல. அவிய காலத்துல அவியளுக்கு தெரிஞ்சது அவ்வளவுதான்.

மில்லு_ஹாஸ்டல்:
எங்க சூப்பர்வைசருக்கு நல்லாத் தெரியும்ணா.

ராசிபுரம்_ரிட்டன்:
நம்ம நாட்டுக் கணக்கும் ஒண்ணு இருக்குது, 2007ல மத்திய அரசே 13 மாநிலத்துல பன்னெண்டாயிரம் கொழந்தைங்களுக்கு மேல கேட்டு ரிப்போர்ட் போட்டாங்க, மூணுல ரெண்டு பேருக்கு அடி ஒதை, பாதிக்கு மேல ஏதோ ஒரு வகைல பாலியல் தொந்தரவு. தமிழ்நாடு அந்த லிஸ்ட்ல இல்ல, அதுக்காக நம்ம பக்கம் சுத்தம்னு நெனச்சுக்க முடியாது. ஸ்கூல்ல அடிக்கறதையும் மனசு நோக தண்டிக்கறதையும் 2009 கல்வி உரிமைச் சட்டம் தடை பண்ணியிருக்குது. ஒண்ணுக்கு உடாதது அதுல வருமான்னு வக்கீல் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, என்னைக் கேட்டா வரோணும்.

அக்கா, என் மாதிரி ஆளு நிக்கறப்ப வராத கேசுக்கு வைத்தியம் இருக்குதுங்களா?

வார்டு_அக்கா:
இருக்குது தம்பி. கொஞ்சம் கொஞ்சமா பழக்கறது தான். நெறயா தண்ணி குடிச்சுட்டு, நம்பற ஒரு சிநேகிதன வெச்சு, அவன் மொதல்ல வாசல்ல நிக்கோணும், அப்பறம் கதவுகிட்ட, அப்பறம் உள்ள. சிபிடிங்கற, நெனப்பையும் பழக்கத்தையும் மாத்தற பேச்சு வைத்தியம் பண்ற சைக்காலஜிஸ்ட் இத முறைப்படி பண்ணுவாங்க. அதுக்கு முன்னாடி ஒருக்கா யூரின் வேகம் பாக்கற டெஸ்ட் எடுத்து அடைப்பு ஏதும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கோ.

பல்லடத்துக்காரி:
ரெண்டு மாசம் கழிச்சு வர்றேனுங்க. பிசியோ தொடர்ந்து போறேன், நானா பண்ணிட்டு இருந்த கீகல் நிறுத்தியாச்சு, அந்தம்மாவும் வார்டு அக்கா சொன்ன அதே காரணம்தான் சொன்னாங்க. டைரி எழுதுனதுல தெரிஞ்சது, ஆபீஸ்ல பையர் கால் இருக்கற அன்னைக்கும், எங்கூட்டுக்காரர் லேட்டா வந்து கேட்டு தொறக்கற சத்தம் கேக்கறப்பவும் தான் எச்சா வருது. அவரு குடிக்க மாட்டாருங்க, அந்த சத்தம் மட்டும் தான். அவருகிட்ட சொன்னேன், இப்ப வர்றதுக்கு முன்னாடி தெருமுக்குல இருந்தே போன் பண்ணிர்றாரு. போன வாரம் பஸ்லயே கோயமுத்தூர் போயிட்டு வந்தேன். ராத்திரி எந்திரிக்கறது மட்டும் அப்படியே இருக்குது, அது கொறையல.

தம்பிகிட்டயும் கேட்டேன், அவனுக்கு இந்தத் தொந்தரவே இல்லையாம். ஆனா அவன் இருட்டுல தூங்க மாட்டான், கல்யாணம் ஆகியும் லைட்டு போட்டுத்தான் தூங்கறான்னு அவன் சம்சாரம் சொல்லுச்சு.

தறிச்சத்தம்:
ஜி.எச் போனேனுங்க. புராஸ்டேட் வீக்கம்தான், சுகரும் கொஞ்சம் இருக்குதாம். மாத்திரைல வெசயாவே கொறஞ்சிருக்குது. சிஸ்டருக்கு நன்றிங்க. சூடு வெச்ச கதைய டாக்டர்கிட்ட சொல்லல, இங்க சொன்னது போதும்.

கோபி_வயக்காடு:
எல்லாருக்கும் வணக்கம், முழுசா படிச்சேன். என்ற பையனுக்கு 7 வயசு, வாரத்துல பாதி நாளு படுக்கைல போயிர்றான். பகல்ல ஒண்ணும் இல்ல. எங்க மாமியார் நல்லவங்கதான், ஆனா மாசாணியம்மனுக்கு வேண்டிக்கலாம், இல்லீன்னா லேசா ஒரு சூடு வெச்சா நின்னுரும்னு சொல்லிட்டே இருக்காங்க. தறி அண்ணன் எழுதுனதப் படிச்சுட்டு கை நடுங்குது. என்னங்க பண்றது?

வார்டு_அக்கா:
வேண்டுதல் வெச்சுக்கோங்க கண்ணு, அதுல ஒரு கெடுதலும் இல்ல. சூடு மட்டும் வேண்டவே வேண்டாம், அது சட்டப்படியும் குத்தம். 5 வயசுல 100ல 15 புள்ளைங்க பாயில போவாங்க, அதுல ஒவ்வொரு வருசமும் 15 சதவீதம் பேருக்கு தானா நின்னுரும். பரம்பரைல வர்றது இது, அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சின்ன வயசுல இருந்திருந்தா புள்ளைக்கு வர வாய்ப்பு 100ல 77. உங்க வூட்டுக்காரர் எத்தன வயசு வரைக்கும் போனாருன்னு மாமியாரக் கேட்டுப் பாருங்களேன். தூக்கத்துல நடக்கறது, பையன் வேணும்னு பண்றதில்ல.

மலச்சிக்கல் இருந்தா அத மொதல்ல சரி பண்ணுங்க, அதுலயே கொறைய வாய்ப்பு இருக்குது. பகல்ல நல்லா தண்ணி குடுங்க, படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி கொறைங்க, படுக்கறப்ப ஒருக்கா போகச் சொல்லுங்க. ஆறு மாசம் நனைக்காம இருந்து திடீர்னு ஆரம்பிச்சிருந்தா மட்டும் கதை வேற, சுகர் பாக்கோணும், ஸ்கூல்லயோ வூட்டுலயோ எதாவது பயமுறுத்துதான்னும் மெதுவா பாக்கோணும். மத்தபடி அலாரம்னு ஒண்ணு இருக்குது, ஈரம் பட்டா சத்தம் போடும், ரெண்டு மூணு மாசம் விடாம போட்டா மூணுல ரெண்டு புள்ளைங்களுக்கு நல்லா கேக்கும். ஒறம்பரை வூட்டுக்கு, டூருக்குப் போகோணும்னா டெஸ்மோபிரசின் மாத்திரை இருக்குது, கொழந்தை டாக்டர் சொல்லித்தான் குடுக்கோணும், அத போட்டா ராத்திரி தண்ணி குடிக்கக் கூடாது.

கோபி_வயக்காடு:
மாமியாரக் கேட்டேனுங்க. மூஞ்சியத் திருப்பிட்டு "அவன் பத்து வயசு வரைக்கும் போனான், அதுக்கென்ன இப்ப"ங்கறாங்க. எங்கூட்டுக்காரரு சோத்துத் தட்டோட எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அந்த அலாரம் கோபில கெடைக்குமுங்களா, ஈரோடு போகோணுமா?

நொய்யல்_தண்ணி:
ஆன்லைன்லயே கெடைக்குதுங்க, பெட்வெட்டிங் அலாரம்னு தேடுங்க. சட்டைல கிளிப் மாட்டற மாடலா வாங்குங்க, என்ற அக்கா பையனுக்கு அதுதான் வாங்குனோம். சத்தத்துக்கு அவன் எந்திரிக்க மாட்டான், மொத ரெண்டு வாரம் நீங்கதான் எந்திரிச்சு அவன எழுப்போணும், அதுக்கு ரெடியா இருந்துக்கோங்க.